பிரஷர், சுகர், எடை: வீட்டில் எடுக்கும் அளவுகளை எக்செல் ஷீட்டில் பதிந்து வரைபடமாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் ஆகிய மூன்றுக்கும் இங்குள்ளவை பெரும்பாலும் பொருந்தும். வேறுபடும் இடங்களில் பெயர் சொல்லியிருக்கிறோம். ஃபார்முலாப் பெயர்களைத் தமிழில் எழுதியிருந்தாலும், செல்லில் தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.

மீட்டரிலேயே மெமரி இருக்கிறதே, ஷீட் எதற்கு?

மீட்டர் எண்ணை வைத்துக்கொள்ளும், காரணத்தை வைத்துக்கொள்ளாது. இரவு மாத்திரை விட்டுப்போனது, முந்தைய நாள் தூக்கம் இல்லாதது, காய்ச்சலுக்கு வேறு மருந்து தொடங்கியது என எதுவும் அதில் பதியாது. வீட்டில் இருவர் ஒரே கருவியைப் பயன்படுத்தினால் மெமரியில் இருவரின் எண்களும் கலந்துவிடும். பேட்டரி மாற்றிய பிறகு கடிகாரத்தைச் சரிசெய்யாமல் விட்டால், அதன்பின் பதியும் ஒவ்வோர் அளவும் தவறான தேதியில் உட்காரும். நோட்டில் எழுதுவது இந்தக் குறைகளைத் தீர்க்கும். ஆனால் மூன்று மாதக் காலை அளவுகளின் சராசரியை மட்டும் கேட்டால் நோட்டு தராது, ஷீட் நொடியில் தரும்.

ஷீட்டை எப்படி அமைப்பது?

ஓர் அளவீட்டுக்கு ஒரு வரிசை. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வராது. பலரும் தேதியைக் குறுக்காகவும் காலை, மாலையை நெடுக்காகவும் போட்டுக் காலண்டர் மாதிரி அமைக்கிறார்கள். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதிலிருந்து எளிதாகச் சராசரியும் எடுக்க முடியாது, ஒழுங்கான வரைபடமும் போட முடியாது.

இரத்த அழுத்தத்துக்கு வேண்டிய நெடுவரிசைகள்: தேதி, நேரம், வேளை (காலை அல்லது மாலை), எத்தனையாவது அளவு, மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு, கணக்கில் சேர்க்கலாமா, குறிப்பு. நிரப்பிய இரண்டு வரிசைகள் இப்படி இருக்கும்:

12-03-2025 | 06:40 | காலை | 1 | 142 | 88 | 74 | ஆம் | 
12-03-2025 | 06:42 | காலை | 2 | 136 | 85 | 71 | ஆம் | இரவு 4 மணி நேரத் தூக்கம்

மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் 142/88 என்று ஒரே செல்லில் எழுதவே கூடாது. ஷீட் அதை எண்ணாக அல்ல, வெறும் எழுத்தாகவே பார்க்கும். சராசரி கேட்டால் அந்தச் செல்லைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். "118 வெறும் வயிறு" என்று சர்க்கரையைப் பதிவதிலும் இதே சிக்கல்தான். எண் செல்லில் எண் மட்டும் இருக்க வேண்டும். அலகைத் தலைப்பில் எழுதுங்கள், விளக்கத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

சர்க்கரைக்கும் எடைக்கும் தனித்தனி ஷீட் வைப்பது நல்லது. சர்க்கரை ஷீட்டில் "வேளை" என்ற இடத்தில் வெறும் வயிறு, சாப்பிட்டு 2 மணி நேரம், தூங்கும் முன் என்று வரும். அந்தச் சொற்களை டேட்டா வேலிடேஷன் (செல்லில் எதை மட்டும் இடலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி) மூலம் தேர்வுப் பட்டியலாக வைத்துவிடுங்கள். "காலை" என்று ஒரு நாளும், பின்னால் ஓர் இடைவெளியோடு "காலை " என்று மறுநாளும் தட்டச்சு செய்தால் ஷீட்டுக்கு அவை இரண்டு வெவ்வேறு வேளைகள்.

தேதி போட்டால் சில செல்களில் இடப்பக்கமும் சிலவற்றில் வலப்பக்கமும் ஒட்டி நிற்கிறது. ஏன்?

வலப்பக்கம் நிற்பது உண்மையான தேதி. இடப்பக்கம் நிற்பதை ஷீட் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டுள்ளது.

எக்செல் தேதியை நாட்களின் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. 1-1-2025 என்பது அதற்குள் 45658. காலை 6 மணி என்பது ஒரு நாளில் கால் பங்கு, ஆகவே அன்று காலை 6 மணி 45658.25. புள்ளி வைத்து 12.03.2025 என்று எழுதினாலோ, மாதம் முதலில் வரும் அமைப்புள்ள கணினியில் 25/03/2025 என்று எழுதினாலோ, அது எண்ணாக மாறாமல் எழுத்தாகவே நின்றுவிடலாம். அதைவிட மோசமானது 03/04/2025. இது தேதியாக மாறிவிடும், ஆனால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. மாதத்தின் முதல் 12 நாட்கள் மட்டும் வரைபடத்தில் அங்குமிங்கும் சிதறிக் கிடந்தால் காரணம் இதுதான்.

கூகுள் ஷீட்ஸில் ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் லொக்கேலை (எந்த நாட்டு முறை என்ற அமைப்பை) சரிபாருங்கள். எக்செல் பொதுவாகக் கணினியின் தேதி அமைப்பைப் பின்பற்றும். எந்தக் கணினியிலும் குழம்பாமல் இருக்க 2025-03-12 என்று வருடத்தை முதலில் வைத்துத் தட்டச்சு செய்யலாம்.

அளவு எடுக்கும் முறையில் என்ன கவனிக்க வேண்டும்?

ஷீட் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், உள்ளே போகும் எண் தவறென்றால் வெளியே வரும் சராசரியும் தவறுதான். இரத்த அழுத்தத்தில் இது மிக அதிகம்.

அளவெடுக்கும் முன் 30 நிமிடம் காபி, டீ, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைத் துணிமேல் சுற்றாமல் தோல்மேல் சுற்றுங்கள். கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் மட்டுமே எண் 7 முதல் 8 மி.மீ. வரை கூடிவிடும். கையின் சுற்றளவுக்குச் சிறிய பட்டையும் எண்ணைக் கூட்டியே காட்டும். கருவி வாங்கும்போது பட்டையில் அச்சிட்டுள்ள சுற்றளவு எல்லைக்குள் உங்கள் மேற்கை வருகிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். விலையுயர்ந்த கருவியைவிடப் பொருந்தும் பட்டை முக்கியம்.

காலையில் மாத்திரைக்கும் உணவுக்கும் முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். மாலையிலும் அப்படியே இரண்டு. மருத்துவரிடம் காட்டுவதற்கு முந்தைய 7 நாட்கள் இப்படி எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற 6 நாட்களைச் சராசரி எடுப்பது வழக்கமான முறை. முதல் நாள் எண்கள் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும் என்பதால்தான் அதை விடுகிறார்கள்.

சர்க்கரைக்கு: கையை சோப்பால் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த விரலில் குத்தினால் எண் தாறுமாறாக ஏறும். "சாப்பிட்டு 2 மணி நேரம்" என்பதை முதல் வாயிலிருந்து கணக்கிட வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. எடைக்கு: காலையில் கழிவறை போன பின், எதுவும் சாப்பிடும் முன், ஏறக்குறைய ஒரே எடையுள்ள உடையில், கெட்டியான தரையில். ஆக்சிமீட்டருக்கு (விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் கருவி): விரல் சில்லென்று இருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண்ணை நம்பாதீர்கள். எண் நிலைத்து நின்ற பின் பதியுங்கள்.

மூன்று முறை எடுத்தேன், மூன்றும் வேறு வேறு. எதைப் பதிவது?

மூன்றையும். குறைந்ததை மட்டும் பதிவதுதான் வீட்டுப் பதிவேடுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு. 148, 141, 137 என்று வந்து 137ஐ மட்டும் எழுதினால், ஒரு மாதத்தில் ஷீட் முழுக்க உங்களுக்குப் பிடித்த எண்களாகிவிடும். அதைப் பார்த்து மருந்தின் அளவை முடிவுசெய்யும் மருத்துவர் ஏமாந்துபோவார்.

138ஐ 140 என்று முழுமையாக்குவதும் வேண்டாம். திரையில் என்ன இருக்கிறதோ அதுவே.

ஓர் அளவு மட்டும் நம்பமுடியாதபடி கூடிவிட்டது. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். "கணக்கில் சேர்க்கலாமா" என்ற நெடுவரிசை இதற்காகத்தான். அங்கே "இல்லை" என்று போட்டுக் குறிப்பில் காரணம் எழுதுங்கள்: அளக்கும்போது பேசினேன், பட்டை நழுவியது, கை கழுவவில்லை. எழுத ஒரு காரணமும் கிடைக்கவில்லை என்றால் அந்த எண் "ஆம்" ஆகவே இருக்கட்டும். பிடிக்காத எண் என்பது காரணமாகாது.

சர்க்கரை மீட்டர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ஐஎஸ்ஓ 15197 என்ற 2013ஆம் ஆண்டுத் தரப்படி, 100 மி.கி.க்கு மேற்பட்ட அளவுகளில் 95 சதவீத முடிவுகள் ஆய்வகக் கருவியிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். உண்மையில் 160 உள்ள ஒருவருக்கு மீட்டர் 136 காட்டினாலும் 184 காட்டினாலும் அந்தத் தரத்துக்கு உட்பட்டதே. ஆகவே நேற்று 150, இன்று 162 என்பதைச் சர்க்கரை ஏறிவிட்டது என்று படிக்கக் கூடாது.

7 நாள் சராசரியை எப்படி வாங்குவது?

மேலே உள்ள ஏழு செல்களை ஆவரேஜ் செய்து கீழே இழுப்பது எளிது. தினமும் ஒரே ஓர் அளவு, ஒரு நாளும் விடாமல் என்றால் அது சரியாக வரும். நான்கு நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் ஏழு செல்கள் பதினொரு நாட்களை எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நான்கு அளவு என்றால் ஏழு செல் இரண்டு நாள்கூட ஆகாது.

வரிசையை எண்ணாமல் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஆவரேஜ்இஃப்ஸ் இருக்கிறது. முதலில் சராசரி எடுக்க வேண்டிய நெடுவரிசை, பிறகு நிபந்தனைகள்: தேதி, இந்த வரிசையின் தேதியிலிருந்து 7 கழித்ததைவிடப் பெரிது, தேதி, இந்த வரிசையின் தேதிக்குச் சமம் அல்லது சிறிது, வேளை "காலை", கணக்கில் "ஆம்". ஒப்பீட்டுக் குறியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, & குறியால் தேதியோடு இணைக்க வேண்டும். முழுவதையும் மேற்கோளுக்குள் வைத்துவிட்டால் பொருந்தும் வரிசை கிடைக்காமல் பூஜ்யத்தால் வகுத்த பிழை வரும். தேதி, நேரம் இரண்டையும் ஒரே செல்லில் வைத்திருந்தால் இன்ட் ஃபங்ஷனால் முழு எண்ணாக்கித் தனியாகத் தேதி நெடுவரிசை உண்டாக்குங்கள். இல்லையேல் அன்றைய மாலை அளவுகள் விடுபடும்.

சராசரி என்ன செய்கிறது என்பதை எடையில் பார்க்கலாம். ஏழு நாட்கள்: 71.2, 71.8, 70.9, 71.5, 71.0, 71.4, 70.8. சராசரி 71.23. எட்டாம் நாள் 71.6. தராசு ஒரே இரவில் 800 கிராம் ஏறிவிட்டதாகச் சொல்கிறது, 7 நாள் சராசரியோ 71.29க்குத்தான் நகர்கிறது. அந்த 800 கிராம் பெரும்பாலும் தண்ணீர், உப்பு, குடலில் உள்ள உணவு. தினசரிப் புள்ளிகளை வெளிர் நிறத்திலும் சராசரியை அழுத்தமான கோட்டிலும் வரைந்தால் மனதுக்கும் நல்லது.

ஒரு விலக்கு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இந்தத் தினசரி ஏற்றமே எச்சரிக்கை. 3 நாட்களில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால், சராசரிக்குக் காத்திருக்காமல் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்.

தலை சுற்றும்போதெல்லாம் கூடுதலாக அளக்கிறேன். சராசரி ஏறிவிடாதா?

ஏறும். திங்கள் ஒரே அளவு, 128. செவ்வாய் உடம்பு சரியில்லாமல் ஐந்து அளவு: 150, 146, 142, 140, 142. ஆறையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 141. இரண்டு நாட்களின் தினசரிச் சராசரியைச் சராசரி எடுத்தால் 136. தரவு ஒன்றுதான், ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு முதல் கணக்கு ஐந்து மடங்கு எடை கொடுத்துவிட்டது.

எனவே "வேளை" பட்டியலில் "இடையில்" என்று ஒன்றைச் சேருங்கள். தலைசுற்றல், படபடப்பு வந்து எடுத்தவை அதன்கீழ் போகட்டும், குறிப்பில் அறிகுறியை எழுதுங்கள். வழக்கமான சராசரியில் அவை வராது. ஆனால் மருத்துவர் தனியாகப் பார்க்க விரும்பும் வரிசைகள் அவைதான்.

எந்த வகை வரைபடம் சரி?

நேரத்தோடு கூடிய எல்லா அளவுகளையும் காட்ட வேண்டுமென்றால் ஸ்கேட்டர் (புள்ளி வரைபடம்). லைன் வரைபடத்தின் தேதி அச்சு எக்செலில் ஒரு நாளைவிடச் சிறிதாகப் பிரியாது. காலையும் மாலையும் ஒரே செங்குத்துக் கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அச்சை "எழுத்து" என்று மாற்றினால் இன்னொரு கோளாறு: ஒரு நாள் இடைவெளியும் பத்து நாள் இடைவெளியும் ஒரே அகலத்தில் தெரியும்.

தினசரிச் சராசரி மட்டும் போதும் என்றால் லைன் வரைபடமே தெளிவு. மேல் எண், கீழ் எண் இரண்டையும் இரு கோடுகளாகப் போட்டு, எக்செலில் சார்ட் எலிமென்ட் பகுதியில் ஹை-லோ லைன்ஸ் சேர்த்தால் ஒவ்வொரு நாளும் ஒரு செங்குத்துக் குச்சியாகத் தெரியும். இரத்த அழுத்தத்தை இதைவிட எளிதாகக் காட்டும் வழி குறைவு.

செங்குத்து அச்சை ஆட்டோவில் விடாதீர்கள். இந்த மாதம் 118 முதல் 126 வரை, அடுத்த மாதம் 100 முதல் 180 வரை என்று அது தானாக மாறும். முதல் படத்தில் 3 மி.மீ. மாற்றமே மலையேற்றமாகத் தெரியும். பெரும்பாலானோருக்கு இரத்த அழுத்தத்தில் 40 முதல் 200 வரை என்று நிலையாக வைத்தால் போதும், மாதத்துக்கு மாதம் ஒப்பிடலாம். எடைக்கு உங்கள் எடையைச் சுற்றி 10 கிலோ போதும். இரண்டையும் ஒரே படத்தில் இரட்டை அச்சில் போட வேண்டாம். அச்சின் எல்லையை மாற்றி எந்தத் தொடர்பையும் "காட்டி" விடலாம்.

அளக்காத நாளில் கோடு பூஜ்யத்துக்கு விழுகிறது.

அந்தச் செல்லில் 0 இருக்கிறது, அல்லது வெற்று மேற்கோள் தரும் ஃபார்முலா இருக்கிறது. பின்னதையும் எக்செல் பூஜ்யமாகவே வரையும். அளக்காத நாளைக் காலியாக விடுங்கள். ஃபார்முலா என்றால் வெற்று மேற்கோளுக்குப் பதில், மதிப்பு இல்லை என்று குறிக்கும் என்ஏ ஃபங்ஷனைத் தரச் சொல்லுங்கள்.

எல்லைக் கோடு எந்த எண்ணில் போடுவது?

உங்கள் மருத்துவர் உங்களுக்குச் சொன்ன எண்ணில். அவர் இன்னும் சொல்லவில்லை என்றால், கேட்பதற்கு ஒரு தொடக்கமாக: வீட்டு அளவுகளின் சராசரிக்கு 135/85 என்பதைப் பல வழிகாட்டுதல்கள் உயர் அழுத்தத்தின் எல்லையாகக் கொள்கின்றன. 2017இல் வந்த அமெரிக்க இதயச் சங்கங்களின் வழிகாட்டுதல் அதை 130/80 ஆக்கியது. மருத்துவமனையில் சொல்லும் 140/90ஐ வீட்டு ஷீட்டில் கோடாகப் போடாதீர்கள், வீட்டு அளவு பொதுவாகக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். சர்க்கரைக்கு, கர்ப்பிணி அல்லாத பல பெரியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் இலக்கு உணவுக்கு முன் 80 முதல் 130, உணவுக்குப் பின் 180க்குள். வயதானவர்களுக்கும் சர்க்கரை அடிக்கடி தாழ்பவர்களுக்கும் இலக்கு தளர்வாக இருக்கும். 70க்குக் கீழ் போவது எல்லோருக்கும் கவனிக்க வேண்டியது.

வரைய: ஒரு புதிய நெடுவரிசையில் எல்லா வரிசைக்கும் 135 என்று நிரப்பி அதையும் வரைபடத்தில் சேருங்கள். ஸ்கேட்டர் என்றால் முதல் தேதி, கடைசித் தேதி என்று இரண்டு புள்ளிகளே போதும்.

என் மீட்டர் 6.8 என்று காட்டுகிறது, அறிக்கையில் 122 என்று இருக்கிறது.

முதலாவது மில்லிமோல்/லிட்டர், இரண்டாவது மி.கி./டெசிலிட்டர். 18ஆல் பெருக்கினால் அது இதுவாகும். 7.0 என்பது 126. ஒரே நெடுவரிசையில் இரண்டு அலகுகளையும் கலக்காதீர்கள். டேட்டா வேலிடேஷனில் 20 முதல் 600 வரை மட்டும் ஏற்கும்படி வைத்தால் 6.8 என்று தட்டியதும் ஷீட் தடுத்துவிடும். இதே ஏற்பாடு 128ஐ 1288 என்று தட்டுவதையும் பிடிக்கும்.

சர்க்கரைச் சராசரியிலிருந்து எச்பிஏ1சி கணக்கிடலாமா?

எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் போக்கைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. எதிர்ப்பக்கம் ஒரு சூத்திரம் உண்டு: எச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7 கழித்தால் சராசரிச் சர்க்கரை வரும். 7 என்றால் ஏறத்தாழ 154. அந்தச் சராசரி இரவும் பகலும் சேர்ந்தது. நீங்கள் குத்திப் பார்ப்பதோ தேர்ந்த சில வேளைகளில். வெறும் வயிற்று எண்களை மட்டும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே வரும். இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஆய்வக எச்பிஏ1சியே விலகியிருக்கக்கூடும். ஆகவே ஷீட்டில் இந்தக் கணக்கைப் போட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கருவியை மாற்றினால்?

ஒரு வாரம் பழையது, புதியது இரண்டிலும் எடுத்துப் பதியுங்கள், "கருவி" என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். மாற்றிய தேதியைக் குறிப்பில் எழுதாவிட்டால், ஆறு மாதம் கழித்து வரைபடத்தில் படிக்கட்டு போலத் தெரியும் அந்தத் திடீர் மாற்றத்தை மருந்தின் வேலை என்று எண்ணிவிடுவீர்கள்.

மருத்துவரிடம் என்ன கொண்டுபோவது?

ஒரே தாள். ஏ4 குறுக்குவாக்கில் அச்சிட்டது. மேலே காலைச் சராசரி, மாலைச் சராசரி, மிக உயர்ந்தது, மிகக் குறைந்தது, மொத்தம் எத்தனை அளவுகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. நடுவில் வரைபடம், அதில் மருந்து மாறிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு. கீழே "இடையில்" எடுத்த அளவுகள் அறிகுறியோடு. 400 வரிசைகளைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது, கேட்டால் காட்டக் கைப்பேசியில் வைத்திருங்கள். முதல் முறை போகும்போது இரத்த அழுத்தக் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள், அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

கோடு இறங்கிவிட்டது, மாத்திரையைக் குறைக்கலாமா?

நீங்களாக வேண்டாம். கோடு இறங்கியதே மாத்திரையால் இருக்கலாம்.

எந்த நேரத்தில் ஷீட்டைத் திறக்கவே கூடாது?

மேல் எண் 180க்கு மேல் அல்லது கீழ் எண் 120க்கு மேல் போய், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் மரத்தல், பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் உடனே அவசர உதவி. அறிகுறிகள் இருந்தால் எண் இயல்பாக இருந்தாலும் அப்படியே. சர்க்கரை 70க்குக் கீழே போனால் முதலில் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் பிறகு நிதானமாகப் பதிந்துகொள்ளலாம்.

ஃபைலைப் பாதுகாப்பது?

எக்செலில் ஃபைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக் வழியாகப் பாஸ்வேர்டு வைக்கலாம். மறந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது, ஆகவே வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். கூகுள் ஷீட்ஸில் "இணைப்பு உள்ள எவரும்" என்ற பகிர்வை அணைத்துவிட்டு மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பகிருங்கள். குடும்பத்தினர் பார்த்தால் போதும் என்றால் பார்வையாளர் உரிமை மட்டும் கொடுங்கள். மாதம் ஒருமுறை தேதியைப் பெயரில் சேர்த்து ஒரு நகல் எடுத்து வைத்தால், யாரோ தவறுதலாக ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தி எண்களைத் தேதிகளிலிருந்து பிரித்துவிட்டாலும் திரும்பப் பெறலாம்.